கடிகாரத்தை உடைத்தவர்

பூங்கோதை அடுப்பில் வைத்த சோயாப் பாலை மறந்துவிட்டுத் திரையில் புழுதிப்புயல் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்தது. சமையலறை மூலையில் நின்றிருந்த ஏற்பான் இரண்டடி முன்னால் வந்து, தலையைக் குனிந்து, "தவறு என்னுடையது. மன்னிக்கவும்" என்றது. பூங்கோதை "சரி, போ" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைத்தாள்.

செவ்வாய்க் கிரகத்தின் புதுத்துறைக் குடியிருப்பில் காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கும். வீட்டுக்கு ஓர் ஏற்பான். மார்பளவு உயரம், சாம்பல் நிற உடம்பு, பணிவான குரல். கூட்டாது, பெருக்காது, ஒரு டம்ளரைக்கூட எடுத்துவைக்காது. அதற்கு இருப்பது ஒரே வேலை. வீட்டில் யார் என்ன தப்புச் செய்தாலும் அதைத் தன் தவறாக வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நீர்நிலையம் என்று நாலு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் அந்தந்த இடத்துக்கு ஏற்ற பெரிய ஏற்பான்கள் உண்டு. புதுத்துறையில் கணவன் மனைவி சண்டை பாதியாகக் குறைந்தது இதனால்தான் என்று மன்றத்தின் அறிக்கை வருடாவருடம் பெருமைப்பட்டுக்கொள்ளும்.

சிரிக்காதீர்கள். இது விளையாட்டாக வந்த சட்டம் இல்லை. குடியேற்றத்தின் ஒன்பதாம் ஆண்டில் ஒரு பொறியாளர் வால்வு ஒன்றை மூட மறந்தார். பதினோரு பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள். ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. மூன்றாம் நாள் அவர் கவசம் அணியாமல் வெளிக்கதவைத் திறந்துகொண்டு நடந்துபோனார். அதைப் பார்த்த பிறகு யாரும் தங்கள் தப்பை வாய்திறந்து சொல்லவில்லை. மூடிமறைத்தார்கள். மறைத்த தப்புகள் இன்னும் அறுபது பேரைக் கொண்டுபோயின. அதற்குப் பிறகுதான் மன்றம் கூடி, தப்பைச் சொல்லிவிடு, பழியை இயந்திரம் சுமக்கட்டும் என்று தவறு மாற்றுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. செய்தவர் ஏற்பானிடம் போய் நடந்ததைச் சொன்னால் போதும், அந்த நொடியிலிருந்து தப்பு அதனுடையது. செய்தவர் பெயர் எந்தப் பதிவிலும் இருக்காது. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை.

அப்படி ஒன்றும் பெரிய புதுமையும் இல்லை. நம் காலத்திலேயே இதற்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. கவுண்டரில் நம் பெயரைத் தப்பாக அடித்தவர், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். நாமும் கம்ப்யூட்டரை நாலு திட்டு திட்டிவிட்டு வீடு திரும்புவோம். வேலைக்குத் தாமதமானால் டிராஃபிக், குழம்பில் உப்புக் கூடினால் புது உப்பு. எப்போதும் பழியை வாங்கிக்கொள்கிற அந்த சிஸ்டத்துக்குக் கையும் காலும் வைத்து, குனிந்து மன்னிப்புக் கேட்கவும் சொல்லிக்கொடுத்தார்கள் புதுத்துறைக்காரர்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பூங்கோதையின் கணவர் தணிகாசலம் அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. தெற்குக் காற்றுப்பூட்டு அறையில் கவசச் சரிபார்ப்பாளர், அதாவது வெளியே வேலைக்குப் போகிறவர்களின் கவசத்தைக் கடைசியாகப் பார்த்து அனுப்புகிறவர். மணி எட்டாகப் போகிறது. எட்டு மணிக்கு முன்னால் அவருக்கு எதுவும் தொண்டையில் இறங்குவதில்லை.

எட்டு அடித்தது. எதிர்வீட்டு வாசலில் அந்தக் குரல் கேட்டது.

"சேந்தன் இறந்தது என் தவறு. மன்னிக்கவும்."

 பிறகு சேந்தனின் மனைவி மரகதவல்லியின் குரல் வந்தது.

"போயிட்டு நாளைக்கு வா."

பதினான்கு மாதமாக இதே கதை. வந்து நிற்பது காற்றுப்பூட்டு அறையின் பெரிய ஏற்பான். அங்கே வேலை செய்பவர்கள் அதற்குச் சுமைதாங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். சாவு நேர்ந்துவிட்டால், இறந்தவர் வீட்டார் ஏற்பானின் மார்புத்தட்டில் கட்டைவிரலை வைத்து "ஏற்றுக்கொண்டேன்" என்று பதிய வேண்டும். பதிந்ததும் விவகாரம் முடிந்தது. ஏற்பானை மறுவார்ப்புக்கு அனுப்பி, நினைவைத் துடைத்து, புதிதாக்கிக் கொண்டுவருவார்கள். விரல் வைக்கும்வரை அது தினமும் எட்டு மணிக்கு வந்து மன்னிப்புக் கேட்டாக வேண்டும். வழக்கமாக எல்லோரும் மூன்றாம் நாளே விரலை வைத்துவிடுவார்கள். மரகதவல்லி மட்டும் வைக்கவில்லை. துக்கம் தலைக்கேறிவிட்டது, நாள் ஆக ஆகச் சரியாகிவிடும் என்று ஊர் பேசிக்கொண்டது. தணிகாசலமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். நினைக்க வசதியாக இருந்தது.

சேந்தனை அனுப்பியது அவர்தான்.

வெளிக்கவசத்துக்கு மூன்று பூட்டு, மூன்றுக்கும் மூன்று கை. கழுத்து வளையத்தை வீட்டில் இருப்பவர் வாசலிலேயே பூட்டி அனுப்ப வேண்டும். தன் கழுத்தைத் தானே பார்க்க முடியாது என்பதற்காக வந்த ஏற்பாடு, நாளடைவில் திலகமிட்டு அனுப்புகிற மாதிரி ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. தலைக்கூட்டை அணிபவர் தானே மாட்டிக்கொள்வார். மூன்றாவது, இடுப்பில் மூச்சுக்குழாய் சேரும் இணைப்பு. அதைச் சரிபார்ப்பாளர் திருகி, டக் டக் என்று இரண்டு சத்தம் கேட்ட பிறகுதான் அனுப்ப வேண்டும். கழுத்து வளையத்தை அவர் தொடக்கூடாது. வீட்டார் பூட்டியதை இன்னொருவர் இழுத்துப் பார்த்தால் அந்த வீட்டையே சந்தேகப்பட்டதாக அர்த்தம்.

புதுத்துறையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லோரும் பொதுக்கூடத்தில்தான் இருப்பார்கள். பூமியின் காப்பகத்திலிருந்து வந்துசேர்ந்த பழைய தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று, 'பதினோராம் நம்பர் வீடு', அங்கே வாரத்துக்கு ஒரு பகுதியாக ஓடும். மொத்தம் அறுபத்தோரு பகுதி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதில் எல்லோருக்கும் பிடித்தது கடிகாரப் பகுதி. வீட்டுத் தலைவர் கோதண்டம், மாமனார் சீராகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை ஒட்டடை அடிக்கும்போது கீழே தள்ளி உடைத்துவிடுவார். மாமனாரோ மறுநாள் ஊரிலிருந்து வருகிறார். காற்றடித்தது என்பார் கோதண்டம். பூனை என்பாள் மனைவி. யார் யாரையோ சொல்லி, கடைசியில் பழி வேலைக்காரப் பெண் தலையில் விழுந்து, அவள் பையை எடுத்துக்கொண்டு வாசல் தாண்டும்போது, கோதண்டம் எழுந்து நின்று, "நான்தான் உடைச்சேன்" என்பார்.

பூமியில் இதை எடுத்தவர்கள், நிமிடத்துக்கு நாலு தடவை ஒலிக்கிற அந்தச் செயற்கைச் சிரிப்பை இந்த ஓரிடத்தில் மட்டும் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்துச் சனங்கள் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. புதுத்துறையில் அங்கேதான் கூரை அதிரச் சிரிப்பார்கள். தப்பைத் தன் வாயாலேயே தன்மேல் போட்டுக்கொள்ளும் மனிதனைப் பார்ப்பது, சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தவனைப் பார்ப்பதுபோல அவர்களுக்கு.

பதினான்கு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பகுதி ஓடியது. சேந்தன் அன்று மாலை நீர்நிலையத்தில் வேலையாக இருந்ததால் பார்க்கவில்லை. மறுநாள் காலை கவசத்தோடு வந்து நின்றதும், கதையைச் சொல்லுங்க அண்ணே என்று பிடித்துக்கொண்டான். தணிகாசலம் நன்றாகக் கதை சொல்வார். கோதண்டம் பூனையை முறைக்கிற மாதிரி முறைத்துக் காட்டினார், கடைசி வசனத்தையும் அதே குரலில் சொன்னார். சேந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். தணிகாசலமும் சிரித்துக்கொண்டே இடுப்பு இணைப்பைத் திருகினார். ஒரு டக் கேட்டது. இரண்டாவதைச் சிரிப்புச் சத்தத்தில் அவர் கவனிக்கவில்லை. கேட்டதாகத்தான் நினைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

நாற்பது நிமிடத்தில் சேந்தனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கவசத்தைக் கழற்றியதும் தணிகாசலம்தான். இடுப்பு இணைப்பு அவர் விரல் பட்டதுமே கழன்று கையோடு வந்துவிட்டது.

அன்று மாலையே அவர் சுமைதாங்கியிடம் போனார். சட்டப்படி ஒன்றுவிடாமல் சொன்னார். அது குனிந்து, "தவறு என்னுடையது. மன்னிக்கவும்" என்றது. மார்பின்மேல் இருந்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஒரு மாதம் நன்றாகத்தான் தூங்கினார். பதிவில் 'கவசத்தில் காற்றழுத்த இழப்பு, பொறுப்பு: ஏற்பான்' என்று எழுதினார்கள். கவசத்தில் எந்த இடம் என்று எழுதவில்லை. இடத்தைச் சொன்னால் எந்தக் கை என்று தெரிந்துவிடும் அல்லவா? யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக இடத்தையும் நீக்கிவிடச் சொல்லியிருந்தது சட்டம்.

அந்த நீக்கம் என்ன செய்திருக்கிறது என்பது பால் பொங்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் தணிகாசலத்துக்குத் தெரிந்தது. சேந்தனின் மகள் நித்திலா வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வயது, அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை. வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வெளியே முதல் வேலை. பூங்கோதை சந்தோஷப்பட்டு அவள் கன்னத்தைத் தடவினாள். நித்திலா தலைகுனிந்தே நின்றாள்.

"அத்தை, என் கழுத்து வளையத்தை நீங்க பூட்டி அனுப்புவீங்களா?"

அம்மா இருக்கும்போது நான் எப்படி என்று பூங்கோதை கேட்டாள்.  அம்மா பூட்டமாட்டேன் என்கிறாள், பூட்ட ஆளில்லாமல் போனால் வெளிவேலை கைவிட்டுப் போய்விடும் என்றாள் நித்திலா. அதற்குப் பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்று காலை அப்பாவுக்கு வளையத்தைப் பூட்டும்போது அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்ததாம், அம்மா அவசர அவசரமாகப் பூட்டிவிட்டு உள்ளே ஓடினாளாம். சரியாகப் பூட்டினோமா என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை. தன் கையால்தான் அவர் போனார் என்று முடிவுகட்டிவிட்டாள். தினமும் ராத்திரி வெறும் கையால் காற்றில் வளையம் பூட்டிப் பூட்டிப் பார்க்கிறாளாம்.

வீட்டு ஏற்பானிடமாவது அதைச் சொல்லிவிடக் கூடாதா, மனசு இறங்குமே என்று கேட்டாள் பூங்கோதை.

"நானும் சொன்னேன் அத்தை. சொன்னா அது வாங்கிக்கிட்டுப் போயிடும், அவருக்கு நான் பண்ணினது எங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்றாங்க. சுமைதாங்கிக்கும் அதனாலதான் விரல் வைக்கல. பண்ணாத ஒண்ணு தலையில என் பழியக் கட்டச் சொல்றியான்னு என்னைக் கோவிச்சுக்கிறாங்க."

தணிகாசலம் எழுந்து உள்ளே போய்விட்டார். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினார். தண்ணீர் அளவுக்கு மேல் போனதற்கு ஏற்பான் வெளியே நின்று மன்னிப்புக் கேட்டது. வாயை மூடு என்று அதனிடம் கத்தினார். கத்தியதற்கும் அது மன்னிப்புக் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கதவு திறந்ததும் அவரும் தன் கதவைத் திறந்தார். சுமைதாங்கி குனிந்து தன் வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தது. மரகதவல்லி வாசற்படியில் நின்றாள். நாற்பத்தேழு வயதில் அறுபதாகத் தெரிந்தாள். தணிகாசலம் தாழ்வாரத்தைக் கடந்துபோய் சுமைதாங்கிக்குப் பக்கத்தில் நின்றார். 

"மரகதம், இது செய்யல. நான்தான் செஞ்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரியும். சேந்தன் கதை கேட்டது, கோதண்டம் மாதிரி நடித்துக் காட்டியது, ஒரு டக்கோடு கதவைத் திறந்தது, இணைப்பு கையோடு கழன்று வந்தது, எல்லாவற்றையும் சொன்னார். வளையம் இறுக்கமாகத்தான் இருந்தது, அதைக் கழற்றத் தனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது, உன் கைமேல் ஒரு குற்றமும் இல்லை என்றார். சொல்லி முடித்தபோது அவருடைய சட்டை நனைந்திருந்தது. நித்திலா அம்மாவின் பின்னால் வந்து நின்றாள். பூங்கோதையும் ஈரக்கையோடு வாசலுக்கு வந்திருந்தாள்.

மரகதவல்லி அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அவரு சிரிச்சாரா அண்ணே?"

"சிரிச்சான் தங்கச்சி. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சான்."

அவள் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பதினான்கு மாதத்தில் அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தார். இனி அவள் திட்டலாம், அறையலாம், வாழ்நாள் முழுக்க முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். எதுவானாலும் சரி என்று காத்திருந்தார். அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நல்லவரா இருக்கீங்களே அண்ணே. எனக்காக இப்படியெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கீங்களே."

தணிகாசலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பதறிப்போனார். சத்தியம் செய்தார். சுமைதாங்கியின் தோளைப் பிடித்து உலுக்கி, நான் அன்றைக்கு உன்னிடம் வந்து சொன்னேனா இல்லையா, சொல்லித் தொலை என்றார். அது அவரை நோக்கித் திரும்பிக் குனிந்தது.

"நீங்கள் வருந்த வேண்டாம். தவறு என்னுடையது. மன்னிக்கவும்."

"பாருங்க, ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றீங்க" என்றாள் மரகதவல்லி. குரலில் கோபமே இல்லை. "தப்புப் பண்ணாதவங்கதானே அண்ணே இந்த வார்த்தையச் சொல்வாங்க. பண்ணினவ நான், பதினாலு மாசமா வாயத் தொறக்காம உக்காந்திருக்கேன்."

அவளைக் குறைசொல்லிப் பயனில்லை. பிறந்ததிலிருந்து 'தவறு என்னுடையது' என்ற வாக்கியத்தை அவள் ஆயிரக்கணக்கான தடவை கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூடச் செய்தவர் வாயிலிருந்து கேட்டதில்லை. நீங்களும் நானும் அங்கே பிறந்திருந்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

வீட்டுக்குள் வந்ததும் பூங்கோதை அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருபத்தாறு வருடம் உங்களோடு குடும்பம் நடத்தியும் உங்கள் மனசு எனக்குத் தெரியாமல் போய்விட்டதே, இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்றாள். அவர் அவள் தோளைப் பிடித்து விலக்கி, பொய் இல்லை பூங்கோதை என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, பொய் இல்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவருக்குப் பிடித்த அடையை வார்க்கப் போனாள்.

அவர் சாப்பிடாமல் பதிவகத்துக்குப் போனார். பதிவாளர் அருளாளன் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். சேந்தன் கோப்பைத் திறந்து காற்றுக் கசிந்த இடத்தை மரகதவல்லிக்குக் காட்ட வேண்டும், அது போதும், தன்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்றார் தணிகாசலம். அருளாளன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இடத்தை அழித்துத்தான் கோப்பையே மூடுகிறோம், திறந்தாலும் ஒன்றும் இருக்காது என்றார். தணிகாசலம் அப்படியானால் என் வாக்குமூலத்தையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அதற்குப் படிவம் இல்லை. பொறுப்பு என்ற கட்டத்தில் ஏற்பானின் எண்ணை மட்டும்தான் திரை வாங்கியது. மனிதர் பெயரை அடித்துப் பார்த்தால் உள்ளே போகவில்லை. சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு சார் என்றார் அருளாளன். கதவருகே நின்றிருந்த பதிவக ஏற்பான் உடனே முன்னால் வந்து அதற்கு மன்னிப்புக் கேட்டது.

"மனசு கஷ்டப்படாதீங்க சார். வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர் உங்கள மாதிரி வருவாங்க. எல்லாரும் நல்ல மனசுக்காரங்க. துக்க வீட்டப் பாத்துத் தாங்காம, நான்தான் பண்ணினேன்னு வந்து நிப்பாங்க."

அந்த இரண்டு மூன்று பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தணிகாசலம் கேட்டார். ஊரிலேயே மதிப்பாக இருக்கிறார்கள், கருணைப் பதக்கம் கொடுத்திருக்கிறோம் என்றார் அருளாளன். உங்கள் பெயரையும் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டார். தணிகாசலம் எழுந்து வந்துவிட்டார். வழியில் எதிரே வந்த நாலு பேர் நின்று அவரைக் கும்பிட்டார்கள். பூங்கோதை யாரிடமும் சொல்லவில்லைதான், ஆனால் தாழ்வாரத்தில் இன்னும் பத்து வீடு இருக்கிறதே.

வியாழக்கிழமை எட்டு மணிக்குச் சுமைதாங்கி வந்து குனிந்தது. மரகதவல்லி போயிட்டு நாளைக்கு வா என்று சொல்லவில்லை. எதிர்க் கதவைத் தட்டி, தணிகாசலத்தைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே அதன் மார்புத்தட்டில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

"எனக்காக நீங்க பழி சுமக்கக் கூடாது அண்ணே. நான் பிடிவாதம் பிடிக்கப்போய்த்தானே உங்களுக்கு இந்த நிலைமை. இது இயந்திரம், இதுக்கு வலிக்காது. இதோட போகட்டும்."

வேண்டாம், விரலை எடு, அதை அனுப்பாதே என்று அவர் கெஞ்சினார். நடந்தது தெரிந்த ஒரே ஆள் அது. பேசாது என்றாலும், அதற்குள்ளே எங்கோ ஒரு மூலையில் அவர் சொன்னது அப்படியே இருந்தது. சுமைதாங்கி கடைசியாக ஒரு தடவை குனிந்துவிட்டு, தாழ்வாரத்தின் கோடியில் இருந்த மறுவார்ப்புக் கூடத்தை நோக்கித் தன் பழைய நடையில் போயிற்று. அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினார். கூடத்தின் கதவு மூடிக்கொண்டது. சாயங்காலமே அதைப் புது வண்ணம் பூசி அனுப்பிவிட்டார்கள். அவர் அதன் முன்னால் போய் நின்றபோது, வணக்கம், உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை நித்திலாவின் கழுத்து வளையத்தைப் பூங்கோதை பூட்டினாள். மரகதவல்லி பக்கத்தில்தான் இருந்தாள், இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு. பூட்டி முடித்ததும் அந்தப் பெண் அம்மாவின் கையைத் தேடினாள். அவள் தரவில்லை. போயிட்டு வாம்மா என்று மட்டும் சொன்னாள்.

காற்றுப்பூட்டு அறையில் தணிகாசலம் இணைப்பைத் திருகினார். டக். டக். கழற்றி மறுபடி திருகினார். டக். டக். நாலாவது தடவையும் அவர் கழற்றியபோது நித்திலா, போதும் மாமா, நேரமாச்சு என்றாள். ஐந்தாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். வரிசையில் பதினேழு நிமிடம் தாமதம் என்று விளக்கு எரிந்தது. சுமைதாங்கி வரிசையில் நின்றவர்களிடம் போய் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டது. நித்திலா திரும்பி வந்து கதவு மூடும்வரை அவர் உட்காரவில்லை.

அன்று சாயங்காலம் பொதுக்கூடத்தில் நல்ல கூட்டம். அறுபத்தோரு வாரம் சுற்றி மறுபடி கடிகாரப் பகுதி வந்திருந்தது. நித்திலா நல்லபடியாகத் திரும்பியதற்காக மரகதவல்லியைப் பூங்கோதை வற்புறுத்தி அழைத்துவந்திருந்தாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவள் அங்கே வந்தது அன்றுதான். தணிகாசலத்துக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர் வந்துவிட்டதல்லவா? அவர் அங்கே போகாமல் மரகதவல்லிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா, வேறு எந்த வார்த்தையில் சொன்னால் நம்புவாள் என்று யோசித்துக்கொண்டிருந்தார். தமிழில் அதற்கு இருக்கிற வார்த்தைகள் எல்லாவற்றையும் ஏற்பான்கள் எடுத்துக்கொண்டுவிட்டிருந்தன.

திரையில் கடிகாரம் விழுந்தது. காற்று, பூனை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கூடம் சிரித்தது. வேலைக்காரப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கோதண்டம் எழுந்து நின்றார். "நான்தான் உடைச்சேன்" என்றார்.

கூரை அதிர்ந்தது. பூங்கோதைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரகதவல்லி சிரிக்கவில்லை. திரையில் தலைகுனிந்து நிற்கும் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. தணிகாசலத்தின் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பாவம் அண்ணே, யாரைக் காப்பாத்த இப்படிச் சொல்றாரோ."